தனுஷ்கோடிக்கு எந்த சைக்கிளில் போவது?

அக்கா மகன் ஒரு மாதமாக விடாமல் போன் போட்டுக்கொண்டிருக்கிறான். "மாமா, பொங்கல் லீவுல சென்னையிலேர்ந்து தனுஷ்கோடி வரைக்கும் சைக்கிள்ல போறேன். எந்த சைக்கிள் வாங்கலாம்?" வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பதே என் முதல் கேள்வி. அவன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு சைக்கிள் நிற்கின்றன. ஒன்று கல்லூரிக் காலத்தில் வாங்கிய 26 அங்குல கியர் சைக்கிள், முன்னால் சஸ்பென்ஷன் வைத்தது. இன்னொன்று மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் என் அப்பாவின் 28 அங்குல ஹெர்குலிஸ். மூன்றாவதாக அவன் கடையில் பார்த்து வைத்திருப்பது 27,000 ரூபாய்க்கு ஒரு ஹைபிரிட், அதாவது ரோட்டு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை, 700சி சக்கரம், பார்க்க ஒல்லியாக அழகாக இருக்கும்.

போனில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவதும் உதவட்டும்.

பாதை கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணி, முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி, ராமநாதபுரம், பாம்பன். சுற்றிப் பார்க்கத் திரும்பும் கிளைச்சாலைகளையும் சேர்த்தால் சுமார் 600 கிலோமீட்டர். மலை கிடையாது. ஏற்றம் என்று சொன்னால் மேம்பாலமும் ஆற்றுப்பாலமும்தான். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் சைக்கிள் விளம்பரங்களில் பாதி நமக்குத் தேவையில்லாமல் போய்விடும். 21 கியரா 24 கியரா என்ற ஆராய்ச்சி ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகிறவனுக்கு. இந்தச் சாலையில் நம்மை நிறுத்தப்போவது வேறு இரண்டு: முள்ளும் காற்றும்.

முள் என்றால் சீமைக்கருவேல முள். ராமநாதபுரம் மாவட்டத்தில் சாலையின் இரு பக்கமும் வேலி போட்டதுபோல நிற்கும். விறகுக்கு வெட்டி ஏற்றிப் போகிற வண்டிகளிலிருந்து குச்சிகள் ரோட்டோரத்தில் விழுந்து கிடக்கும். சரியாக நாம் ஓட்டுகிற ஓரத்தில். குத்தினால் டியூப்போடு போய்விடாது. முனை ஒடிந்து டயருக்குள்ளேயே நின்று, ஒட்டிய பஞ்சருக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டையைப் போடும். டயரைக் கழற்றினால் உள்பக்கம் விரலால் தடவிப் பார்க்காமல் திரும்ப மாட்டாதே என்று இதற்காகத்தான் சொல்வார்கள். துணியைச் சுற்றித் தடவினால் இன்னும் நல்லது, முள் துணியில் மாட்டும், விரலும் பிழைக்கும்.

முதல் முறை நான் இந்தப் பாதையில் போனது 700சி சக்கர சைக்கிளில். மீமிசலுக்கு முன்னால் ஏதோ ஒரு கண்ணாடித் துண்டு பின் டயரின் பக்கவாட்டை இரண்டு அங்குலத்துக்குக் கிழித்துவிட்டது. டியூப் மாற்றலாம், கிழிந்த டயரை என்ன செய்வது? மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைப் பெரியவர் டயரை வாங்கிச் சுழற்றிப் பார்த்தார். "இந்த சைஸு நம்ம பக்கம் வராது தம்பி. பள்ளிக்கூடத்துப் புள்ளைக சைக்கிளுன்னா கையிலயே இருக்கு" என்றார். அப்புறம் ஒரு பழைய டயரைக் கத்தியால் உள்ளங்கை அளவுக்கு அறுத்து, ஓரங்களை உப்புத்தாளில் சீவி, கிழிசலுக்கு உள்ளே வைத்து டியூப்பை ஏற்றினார். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். ராமேஸ்வரம் வரைக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு தட்டு. இரண்டு நாள் அந்தத் தட்டை எண்ணிக்கொண்டேதான் மிதித்தேன்.

அவர் சொன்னதுதான் விஷயம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுப்பதால், தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் அந்த சைக்கிள்களுக்கான டயர், டியூப், பெடல் கட்டை, செயின், பிரேக் கட்டை எல்லாம் தொங்கும். நம் வண்டி அந்தக் கடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடை போடுகிறேன். வேகமும் எடையும் அதற்கு அப்புறம்.

முதலில் சைஸ் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் இதில் ஏமாறாதவர் குறைவு. டயரின் பக்கவாட்டில் 26, 28 என்று எழுதியிருப்பதை நம்பவே கூடாது. அதே டயரில் சின்னதாக '50-559' என்பதுபோல இன்னொரு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அவன் தாத்தாவின், அதாவது என் அப்பாவின், 28 × 1½ டயர் 635. ஹைபிரிட்டின் 700சி 622. வெறும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனாலும் ஒன்று மற்றொன்றில் ஏறாது. 26 அங்குலத்தில் இன்னும் மோசம். பழைய லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590, கியர் சைக்கிளின் 26 × 1.95 என்பது 559. இரண்டுக்கும் பெயர் 26. "26 டயர் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு போய், நடுவழியில் பிரித்துப் பார்த்தால் தொளதொளவென்று கிடக்கும். 29 அங்குலம் என்று விற்கிறார்களே, அது வேறு ஒன்றுமில்லை, 700சி-யின் அதே 622-தான், டயர் மட்டும் தடி.

வால்வும் அப்படித்தான். தாத்தாவின் சைக்கிளில் இருப்பது வால்டியூப் போடுகிற பழைய வால்வு. அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெடித்தால் காற்று நிற்காது, ஆனால் எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கியர் சைக்கிளில் இருப்பது மோட்டார் பைக் வால்வு, பெட்ரோல் பங்க்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். ஹைபிரிட்டின் வால்வைக் கடையிலேயே திறந்து பார்த்துவிடு. ஊசிபோல் மெல்லிசாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருந்தால், பித்தளையில் ஒரு அடாப்டர் வாங்கி அந்த வால்விலேயே நிரந்தரமாக மாட்டி வைத்துக்கொள். பையில் வைத்தால் தொலையும். நான் இரண்டு தொலைத்தேன்.

சரி, இப்போது தாத்தாவின் ஹெர்குலிஸ். 1949-ல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த வண்டி. அதன்மேல் எனக்கு உள்ள பாசத்தை மறைக்க முடியாது, குரங்குப் பெடல் போட்டுப் பழகியதே அதில்தான். பின் கேரியரில் ஒரு மூட்டை நெல்லை வைத்தால்கூட முனகாது. எங்கே பழுதானாலும் பழுது பார்க்க ஆள் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதால் ஊர் பார்த்துக்கொண்டே போகலாம், கழுத்து வலிக்காது. குறை என்ன? காலி வண்டியே 20 கிலோவைத் தொடும். ஒரே கியர். முதுகுக்குப் பின்னால் காற்று இருக்கும்வரை பிரச்சினை இல்லை. எதிர்க்காற்றில் நிமிர்ந்த நெஞ்சு பாய்மரம் மாதிரி, மணிக்கு 9 கிலோமீட்டரைத் தாண்ட மாட்டாய். எல்லாவற்றையும்விட அந்தக் கம்பி பிரேக். மழையில் நனைந்த ஸ்டீல் ரிம்மில் அது பிரேக் இல்லை, வேண்டுதல். சுமையோடு மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் ஷேர் ஆட்டோ நின்றால் என்ன செய்வாய்? ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், பத்து நாள் என்று கணக்குப் போட்டுப் போகிற ஐம்பது வயதுக்காரருக்கு, ஓவராய்லிங் செய்து பால்ரஸ் எல்லாம் மாற்றிய பிறகு, இந்த வண்டியை நான் தாராளமாகச் சொல்வேன். அவனுக்குக் கிடைத்திருப்பது எட்டு நாள் லீவு.

ஹைபிரிட்டைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஓட்ட அதுதான் சுகம். காலி வண்டி 12, 13 கிலோ. 32 மில்லிமீட்டர் டயரில் 65 பிஎஸ்ஐ காற்று அடித்து விட்டால், புதுச்சேரிக்கு முன்னால் உள்ள நல்ல ரோட்டில் தானாக ஓடுவதுபோல் இருக்கும். அதை எடுத்தால் ஒரு டயரை மடித்துக் கூடவே கொண்டுபோக வேண்டும், மடிக்கிற வகை டயர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், இரண்டு டியூப் வேண்டும். இதெல்லாம் செய்துவிட்டால் மீமிசல் கதை உனக்கு நடக்காது. என் தயக்கம் வேறு. கடையிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன சைக்கிளில் 600 கிலோமீட்டர் போவது, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிற மாதிரி. புது வண்டியில் சக்கரக் கம்பிகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும், ஒயர்கள் நீளும், கியர் தவறும். அதையெல்லாம் ஊரில் வைத்துச் சரிசெய்துகொண்டு கிளம்ப இரண்டு மாதமாவது வேண்டும். அடுத்த வருஷப் பொங்கலுக்கு என்றால் இன்றே போய் வாங்கு என்பேன்.

மிச்சம் இருப்பது கல்லூரி சைக்கிள். அதைப் பார்த்து அவனுக்கே இளக்காரம். முன் சஸ்பென்ஷன் சுமையைக் கூட்டும், நின்று மிதித்தால் மிதிப்பில் பாதியைக் குடிக்கும். பள்ளம் பள்ளமாக உள்ள தடி டயர் தார் ரோட்டில் 'ங்ங்ங்' என்று இரைந்துகொண்டே வரும், அந்த இரைச்சல் எல்லாம் நம் கால் வலிதான். ஆனால் இந்த இரண்டு குறைக்கும் வைத்தியம் உண்டு. அதே 559 அளவில், 1.5 அங்குல அகலத்தில், வழவழப்பான ரோட்டு டயர் ஒரு ஜோடி மாட்டு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். வேறு சைக்கிள் ஏறியதுபோல இருக்கும். சஸ்பென்ஷனை அசையாமல் நிறுத்துகிற பூட்டு அதில் இருந்தால் பூட்டிவிடு. 559 டியூப் அநேகமாக எல்லாத் தாலுகா ஊரிலும் கிடைக்கும், ஏனென்றால் இந்த வகை கியர் சைக்கிள் இப்போது ஊரெங்கும் பையன்களிடம் இருக்கிறது.

அந்த வண்டியில் டிஸ்க் பிரேக். ஒயரால் இழுக்கிற டிஸ்க் என்பதால் தப்பித்தாய், ஆயில் டிஸ்க்காக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பேடு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். இன்னொரு சங்கடம், பின் டிஸ்க்கின் கேலிப்பர், அதாவது பேடை அழுத்திப் பிடிக்கிற பகுதி, கேரியரின் காலை இடிக்கும். கேரியர் வாங்கும்போது வண்டியைக் கையோடு தள்ளிக்கொண்டு போய், மாட்டிப் பார்த்து வாங்கு. பின்கியரைத் தாங்குகிற அலுமினியக் கொக்கி இருக்கிறதே, ஹேங்கர், அது வண்டிக்கு வண்டி வேறு. வண்டி வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். அதில் ஒன்று உதிரியாக வாங்கிச் சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்துவிடு.

ஆக என் ஓட்டு கல்லூரி சைக்கிளுக்கு. 27,000 மிச்சம் என்பதால் அல்ல. அந்த சீட்டில் அவன் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறான், உடம்புக்கு அந்த வண்டி தெரியும்.

சீட் என்றதும் ஒன்று. மெத்தை மாதிரி ஜெல் கவர் வாங்கப்போகிறேன் என்றான். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம்தான். மூன்றாவது மணியில் மெத்தை அமுங்கி, தொடை இடுக்கில் உரசி, தோல் கன்றிப்போகும். கெட்டியான சீட்டும் பஞ்சு வைத்த கால்சட்டையும் போதும். உரசும் இடத்தில் காலையிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு எத்தனையோ பேர் இரண்டாம் நாள் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

அடுத்தது சுமை. முதுகுப் பையா, பக்கப் பையா? இதில் ஒப்பிட எதுவுமில்லை. எட்டு கிலோவை முதுகில் மாட்டி ஒரு காலை வேளை ஓட்டிப் பார், தோளும் இடுப்பும் பதில் சொல்லும், சட்டை முதுகில் ஒட்டிப்போகும். நம் ஊர்ப் பால்காரர் கேனை முதுகிலா கட்டினார்? கேரியரின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டார். அதேதான். பெரிய பெயர் போட்ட நீர்புகாப் பைகள் ஜோடி பத்தாயிரத்தைத் தாண்டும். நான் பயன்படுத்துவது கித்தான் துணியில் தைக்கக் கொடுத்த இரண்டு பைகள், உள்ளே தடித்த பாலித்தீன். குதிகால் பையில் இடிக்காமல் சற்றுப் பின்தள்ளிக் கட்ட வேண்டும், பையின் வார் சக்கரத்துக்குள் போகாமல் முடிய வேண்டும். மேலே கட்ட, பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்த ரப்பர் வாரைவிட நல்ல கயிறு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

டென்ட்? வேண்டாம். வேளாங்கண்ணி, சிதம்பரம் போன்ற ஊர்களில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. இடையில் 40, 50 கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வந்துவிடும். கடற்கரையில் படுக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் ஜனவரியில் தொடங்கிவிடும், அங்கே டார்ச் அடித்துக் கொண்டிருக்கக் கூடாது. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் தங்கவே விடமாட்டார்கள். டென்ட்டை விட்டுவிட்டால் இரண்டரை கிலோ மிச்சம். அடுப்பும் வேண்டாம், டீக்கடை இருக்கும் நாட்டில் அடுப்பைச் சுமப்பானேன்.

இப்போது காற்று. இதைத்தான் அவன் கவனிக்கவே இல்லை. முதலில் சென்னையிலிருந்து என்றவன், நடுவில் திசையை மாற்றினான். "ரயில்ல சைக்கிளைப் போட்டு ராமேஸ்வரம் போயிட்டு, அங்கேர்ந்து வீட்டைப் பார்த்து ஓட்டிட்டு வரேன் மாமா, ஒவ்வொரு நாளும் வீடு பக்கத்துல வரும்ல" என்றான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தை மாதத்தில் இந்தக் கரையில் வடகிழக்குக் காற்று வீசும். சென்னையிலிருந்து தெற்கே போனால் இடத்தோளின் பின்பக்கத்திலிருந்து தள்ளும். வேதாரண்யத்தோடு கரை மேற்கே திரும்புகிறது, அங்கேயும் காற்று பின்னால்தான். கடலோரத்தில் மனோரா கோட்டை இருக்கிறதே, அங்கிருந்து தொண்டி வரை சாலை தென்மேற்காக இறங்குகிறது. அந்தப் பகுதியில் நான் மிதித்ததைவிடத் தள்ளப்பட்டது அதிகம். அவன் யோசனைப்படி வந்தால் இத்தனையும் நெஞ்சில் அறையும். வீடு பக்கத்தில் வராது, நகரவே நகராது. ஆடி மாதத்தில் போவதாக இருந்தால் கணக்கு மாறும், அப்போது வெயிலில் யார் போவது என்பது தனிக் கேள்வி.

கடைசி நாளில் மட்டும் காற்று விலை கேட்கும். மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தில் ஏறினால் சாலை கிழக்கே திரும்பிவிடுகிறது. 1988-ல் திறந்த பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் கடலின்மேல். இடப்பக்கத்திலிருந்து அடிக்கிற காற்றில் பக்கப் பைகள் வண்டியை இழுக்கும். பஸ் ஒன்று கடந்து போனால் ஒரு நொடி காற்று நின்று, மறு நொடி மொத்தமாக அடிக்கும், அந்த நொடியில்தான் விழுவார்கள். பாலத்தின் இணைப்புப் பட்டைகளை நேராகக் கடக்க வேண்டும், சாய்த்துக் கடக்கக் கூடாது. நடுவில் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேறு. அதிகாலையில் கடந்தால் இதெல்லாம் பாதி.

திரும்பி வர ரயில். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலேயே வண்டி ஏறலாம். சைக்கிளைப் பார்சல் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், புறப்படும் நேரத்துக்குப் போய் நின்றால் நடக்காது. மதியமே போய் எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்று கேட்டுவிடு. லைட், பம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக்கொள், பெடலையும் ஹேண்டில்பாரையும் சாக்கில் சுற்று. ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷன் என்பதால் அவசரமில்லாமல் ஏற்றுவார்கள், நடுவழி ஸ்டேஷனில் இரண்டு நிமிஷத்தில் தூக்கிப் போடுவதைவிட இது எவ்வளவோ தேவலை.

நாள் கணக்கில் ஒரே ஒரு சண்டை எங்களுக்குள். முதல் நாளே புதுச்சேரி, 150 கிலோமீட்டர், என்கிறான். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியில் போயிருக்கிறானாம். சுமையோடு போய், மறுநாளும் ஓட்ட வேண்டும் என்பது வேறு கணக்கு. முதல் நாள் மாமல்லபுரம், 55, அங்கேயே நிறுத்தி வண்டியை ஒரு முறை முழுக்கத் தொட்டுப் பார். எந்தத் திருகு தளர்ந்தது, எந்தப் பை ஆடுகிறது என்று முதல் நாள்தான் தெரியும். மறுநாள் புதுச்சேரி. அப்புறம் சிதம்பரம், வேளாங்கண்ணி என்று 65-லிருந்து 90-க்குள். டெல்டாவில் அது சம்பா அறுவடை நேரம், ரோட்டிலேயே நெல்லைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் பால்ரஸ் குண்டுமேல் ஏறியது போலத்தான். மெதுவாக, திருப்பாமல், நேராகப் போ. முடிந்தால் ஒதுங்கிப் போ, அது ஒருத்தர் வீட்டுச் சாப்பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றச் சொன்னேன். அக்கா காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது. ஐம்பது நிமிஷம். செயினை எப்படி வைப்பது என்பதிலேயே இருபது. ஒருவழியாக மாட்டிக் காற்று அடித்தான், 'புஸ்' என்றது. லிவரை ஆழமாக விட்டு நெம்பியதில் புது டியூப்பையே கடித்து வைத்திருக்கிறான், பாம்பு கொத்தியதுபோல பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. "இன்னொரு வாட்டி கழட்டட்டுமா மாமா?" என்றான். உப்புத்தாளையும் சொல்யூஷனையும் அவன் பக்கம் தள்ளிவிட்டு நான் காபியைச் சூடு பண்ணப் போனேன்.